எஸ்ஜிபிடி நார்மல், அப்புறம் எப்படி சிரோசிஸ்?

போன இதழில் மஞ்சள் காமாலை பற்றி ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்லீரல் ரிப்போர்ட் சம்பந்தப்பட்டவைதான். சிலர் ரிப்போர்ட்டை செல்போனில் படம் எடுத்து, தடித்த எழுத்தில் அச்சான எண்களைச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க அதே விஷயம்தான். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, அப்பாவுக்கு 56 வயது. லாரி ஓட்டியவர், இருபது வருஷமாகக் குடிப்பழக்கம். காலும் வயிறும் வீங்கியதால் சேலத்தில் காட்டினோம். சிரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி 32, நார்மல். எஸ்ஜிஓடி 58, கொஞ்சம்தான் அதிகம். பிலிருபின் 2.4, அல்புமின் 2.9, ஐஎன்ஆர் 1.6, பிளேட்லெட் 78,000, கிரியாட்டினின் 0.9, சோடியம் 131. ஸ்கேனில் கல்லீரல் சொரசொரப்பு, மண்ணீரல் 14.8 செ.மீ., வயிற்றில் கொஞ்சம் நீர் என்று இருக்கிறது. லேப்காரர்கள் தப்பா, டாக்டர் தப்பா?
— பென்னாகரம் பக்கம் ஒரு மகன்

பதில்: தம்பி, இரண்டு பேரும் சரி. சிரோசிஸ் என்றால் கல்லீரல் தழும்பாகி இறுகிப்போவது. நீங்கள் பார்த்த எஸ்ஜிபிடி வரிதான் இந்த வியாதியில் மிகக் குறைவாகப் பேசுகிற வரி.

எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கிற என்சைம்கள். செல் அடிபட்டு உடைகிறபோது அவை ரத்தத்தில் கசிகின்றன. அதாவது இன்றைக்கு அங்கே எவ்வளவு சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் அவை காட்டும். இருபது வருஷமாக நடந்து முடிந்த சேதத்தைக் காட்டாது. கல்லீரலின் பெரும்பகுதி தழும்பாகி இறுகிப்போனால் உடைவதற்கு மிச்சமிருக்கிற செல்லே குறைவு, அப்போது கசிவும் குறையும், எண் தானாக நார்மலுக்குள் வந்து உட்காரும். காடு எரிந்து முடிந்த பிறகு புகை குறைவதைப் போல. அப்பாவுக்கு எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைவிட அதிகமாக இருப்பதைக் கவனியுங்கள். குடியால் வரும் கல்லீரல் வியாதியிலும், சிரோசிஸ் ஆன பிறகும் இப்படித் தலைகீழாக நிற்பது வழக்கம்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? கல்லீரல் செய்கிற வேலையைக் காட்டும் மூன்று வரிகளைப் பாருங்கள். அல்புமின் கல்லீரல் தயாரிக்கிற புரதம், ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அதுதான். 3.5க்கு மேல் இருக்க வேண்டியது அப்பாவுக்கு 2.9. ரத்தத்தில் அதன் பாதி ஆயுள் சுமார் இருபது நாள் என்பதால், அது குறைந்திருக்கிறது என்றாலே பிரச்சினை போன வாரம் ஆரம்பித்ததில்லை என்று பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம். சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும், சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும்கூட அல்புமின் குறையும், அதனால் தனியாக அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. அடுத்தது ஐஎன்ஆர், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண். ரத்தம் உறைய வைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை கல்லீரலில்தான் தயாராகின்றன. அவற்றில் ஒன்றிரண்டு சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும், எனவே கல்லீரல் தளர்ந்தால் இந்த எண் சீக்கிரமே ஏறும். சாதாரணமாக 1 அளவில் இருக்கும், அப்பாவுக்கு 1.6. வைட்டமின் கே குறைவாலும் இது ஏறும், அதனால்தான் சில டாக்டர்கள் அந்த ஊசியைப் போட்டுவிட்டு மறுபடி பார்ப்பார்கள். மூன்றாவது பிலிருபின். பழைய சிவப்பணுக்கள் உடைந்து வரும் மஞ்சள் பொருளை வெளியேற்றும் வேலையை அது காட்டுகிறது. 1.2க்குள் இருக்க வேண்டும், 2.5 அல்லது 3 வரும்போதுதான் கண்ணில் மஞ்சள் தெளிவாகத் தெரியும். அப்பாவுக்கு 2.4. வீட்டில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் பிளேட்லெட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு மனசு கனக்கிற எண் அது. பர்கூரில் என் பெரியப்பா ஒருவர் இருந்தார். நான் படிப்பு முடித்து வந்த புதிதில் ரிப்போர்ட்டை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்து காட்டினார். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் நார்மல், 'ஒண்ணும் இல்ல பெரியப்பா' என்று சொல்லி அனுப்பினேன். அதே பையில் இன்னொரு தாளில் பிளேட்லெட் 90,000 என்று இருந்தது. நான் அந்தத் தாளைத் திருப்பினேன், படிக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ராத்திரி ரத்த வாந்தி எடுத்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். அன்றிலிருந்து யார் கல்லீரல் ரிப்போர்ட் கொண்டு வந்தாலும் முதலில் ரத்த அணுக்கள் தாளைத்தான் கேட்கிறேன்.

காரணம் இதுதான். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தமெல்லாம் போர்ட்டல் நரம்பு என்ற ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு அந்த வழிதான். கல்லீரல் தழும்பாகி இறுகினால் அந்த வழியில் அழுத்தம் ஏறுகிறது, பின்னால் மண்ணீரல் வீங்குகிறது, வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனையும் கல்லீரல்தான் செய்கிறது, அதுவும் குறைகிறது. 1.5 லட்சத்துக்குக் கீழே பிளேட்லெட், கூடவே பெரிய மண்ணீரல் என்றால் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். டெங்கு காய்ச்சலிலும் பிளேட்லெட் இறங்கும், ஆனால் அது வாரத்தில் ஏறிவிடும். காய்ச்சல் இல்லாமல் மாதக்கணக்கில் குறைவாகவே இருப்பது வேறு விஷயம். அதே அழுத்தத்தால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைக்கும், அவை வெடித்தால்தான் ரத்த வாந்தி. ஆகவே அப்பாவுக்கு எண்டோஸ்கோபி இன்னும் எடுக்கவில்லை என்றால் உடனே கேளுங்கள். புடைப்பு பெரிதாக இருந்தால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டலாம், கார்வெடிலால் அல்லது ப்ரோப்ரனலால் மாத்திரையால் அழுத்தத்தைக் குறைக்கலாம். என் பெரியப்பாவுக்கு இரண்டுமே கிடைத்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேஸ் ஷீட்டில் 'சைல்டு பி' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். அது ஐந்து விஷயங்களுக்கு ஒன்று முதல் மூன்று வரை மார்க் போடும் கணக்கு. பிலிருபின் 2 முதல் 3க்குள் இருப்பதால் 2 மார்க். அல்புமின் 2.8 முதல் 3.5க்குள், அதற்கு 2. ஐஎன்ஆர் 1.7க்குக் கீழே, அதற்கு 1. வயிற்றில் கொஞ்சம் நீர், அதற்கு 2. புத்தித் தடுமாற்றம் இல்லை என்று வைத்துக்கொண்டால் 1. கூட்டினால் 8. 5, 6 என்றால் ஏ, 7 முதல் 9 வரை பி, 10ம் அதற்கு மேலும் சி. இங்கே மார்க் அதிகம் வாங்கினால்தான் மோசம். மெல்ட் என்று இன்னொரு கணக்கு உண்டு, பிலிருபின், ஐஎன்ஆர், கிரியாட்டினின் மூன்றையும் வைத்துப் போடுவது, 6 முதல் 40 வரை போகும். அப்பாவுக்கு நான் போட்டுப் பார்த்தேன், 15 வருகிறது. சோடியத்தையும் சேர்த்தால் 20. உடம்பில் நீர் தேங்கி சோடியம் கரைந்து 131க்கு வந்ததற்கு அவ்வளவு எடை. மெல்ட் 15ஐத் தொட்டாலே கல்லீரல் மாற்று சிகிச்சைக்கான ஆலோசனையாவது ஒரு முறை கேட்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அந்த அறுவை சிகிச்சை நடக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. கேட்டுவிட்டு வருவதாலேயே ஆபரேஷன் முடிவாகிவிடாது, பயப்படாமல் போங்கள்.

குடியை நிறுத்தினால் இந்த எண்கள் திரும்புமா என்றால், திரும்பும். எல்லோருக்கும் முழுக்கத் திரும்பாது, ஆனால் வயிற்று நீர் வற்றி, அல்புமின் ஏறி, பி-யிலிருந்து ஏ-வுக்கு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: தினமும் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். டாக்டரிடம் சொல்லி, அவர் பார்வையில் நிறுத்துங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுப்ரோஃபென் மாத்திரை இரண்டும் வேண்டாம், வயிற்றில் நீர் இருக்கும்போது சிறுநீரகத்தைக் கவிழ்த்துவிடும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் ஒரு நாளில் மொத்தம் 2 கிராம் வரை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் போகாமல்.

கேள்வி: நான் குடிப்பதே இல்லை, அசைவமும் கிடையாது. வயது 44, தையல் வேலை, எடை 78 கிலோ, ஐந்து வருஷமாகச் சர்க்கரை. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 2. முகாமில் ஃபைப்ரோஸ்கேன் எடுத்ததில் 8.4 என்று வந்தது. எஸ்ஜிஓடி 36, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 2.4 லட்சம். எனக்கு சிரோசிஸ் வந்துவிட்டதா? காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.
— காவேரிப்பட்டணம்

பதில்: கடைசி வரியை எழுதினீர்களே சகோதரி, அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், அந்த நேரம் அழுத்திப் பார்த்தால் உள்ளதைவிட இறுக்கமாகத்தான் தெரியும். முகாம்களில் கூட்டத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை.

கிரேடு 2 என்பது கொழுப்பின் அளவு, தழும்பின் அளவு கிடையாது. இதைப் பலரும் குழப்பிக்கொண்டு, கிரேடு 3க்கு அடுத்து 4, அதுதான் சிரோசிஸ் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கொழுப்பு நிறைய இருந்தும் தழும்பே இல்லாதவர்கள் உண்டு. தழும்பைப் பார்க்க உங்களிடம் இருக்கிற எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம், அதற்குப் பெயர் ஃபிப்-4. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 44 பெருக்கல் 36, வருவது 1584. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் எடுங்கள், 49க்கு 7. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதினால் 240, அதை 7ஆல் பெருக்கினால் 1680. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.94. 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே போனால் கவலைப்பட வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு கீழ் வரம்பை 2 என்று வைத்துக்கொள்வார்கள். முதல் கடிதத்து அப்பாவுக்கு இதே கணக்கைப் போட்டால் 7ஐத் தாண்டுகிறது. எஸ்ஜிபிடி மட்டும் பார்த்தால் உங்களுக்கு 49, அவருக்கு 32. யாருடைய கல்லீரல் மோசம் என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு தப்பாகப் போயிருக்கும் பாருங்கள்.

உங்கள் 8.4, சந்தேக எல்லையைக் கொஞ்சம் தாண்டியது. சிரோசிஸ் கிடையாது, 10க்குக் கீழே இருப்பவர்களிடம் அது பொதுவாக இருப்பதில்லை, 15ஐத் தாண்டினால்தான் பலமாகச் சந்தேகிப்பார்கள். வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள். எடுக்கும்போது பத்து தடவை அளந்தார்களா, அந்த அளவுகளுக்குள் வித்தியாசம் 30 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று தாளில் பாருங்கள், 'ஐக்யூஆர்' என்ற வரியில் இருக்கும். சர்க்கரை இருப்பதால் எண் நல்லதாக வந்தாலும் வருஷம் ஒரு முறை ஃபிப்-4 கணக்கையாவது போட்டுப் பாருங்கள். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கொழுப்போடு தழும்பும் குறையத் தொடங்குகிறது. உங்களுக்கு அது ஆறு முதல் எட்டு கிலோ, ஒரு வருஷத்தில் முடியாத காரியம் ஒன்றும் கிடையாது.

கேள்வி: கணவருக்கு சிரோசிஸ் என்று போன வருஷம் சொன்னார்கள். எட்டு மாதமாகக் குடிப்பதில்லை. ஆறு மாதமாகக் கீழாநெல்லியும், ஊருக்கு வரும் வைத்தியர் தரும் ஒரு அரிஷ்டமும் கொடுக்கிறேன். உப்பு, புளி, பருப்பு, முட்டை எல்லாம் நிறுத்தி மோர் சாதம் பத்தியம். இப்போது எஸ்ஜிபிடி 28க்கு வந்துவிட்டது. இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தலாமா? உடம்புதான் ரொம்ப இளைத்துவிட்டார்.
— அரூர்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. எஸ்ஜிபிடி இறங்கியதற்கு அவர் குடியை விட்ட எட்டு மாதமே போதுமான காரணம், அதற்கு அவரைத்தான் கும்பிட வேண்டும். அந்த எண் 28 ஆனதால் தழும்பு போய்விட்டது என்று ஆகாது. அல்புமின், ஐஎன்ஆர், பிளேட்லெட் மூன்றையும் போன வருஷத் தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அல்புமினும் பிளேட்லெட்டும் ஏறி, ஐஎன்ஆர் இறங்கியிருந்தால்தான் உண்மையான நல்ல சேதி.

அரிஷ்டத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்பவை, அவற்றில் சாராயச் சத்து இருக்கிறது. சாராயத்தை எட்டு மாதமாகத் தொடாமல் தன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு நாமே அதை மூடியில் ஊற்றிக் கொடுக்கக்கூடாது. எந்த மூலிகையாக இருந்தாலும், சிரோசிஸ் உள்ள கல்லீரலுக்கு அதைத் தாங்கும் சக்தி குறைவு. கொரோனா சமயத்தில் சீந்தில் கொடியைத் தினமும் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி நம் நாட்டு டாக்டர்களே எழுதினார்கள். கொடுப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த பாட்டிலையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

பத்தியம்தான் எனக்கு அதிகமாக வருத்தம் தருகிறது. நம் ஊரில் காமாலை என்றாலே பருப்பையும் முட்டையையும் நிறுத்துவார்கள். உங்கள் கணவர் இளைத்தது வியாதியால் பாதி, பட்டினியால் பாதி. சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம்தான், கணக்குப் பாருங்கள், மோர் சாதத்தில் எங்கே வரும்? கேழ்வரகுக் களியும் கொள்ளுப் பருப்பும் கொடுங்கள், மொச்சை, பால், தயிர், முட்டை, மீன் எது ஒத்துக்கொள்கிறதோ கொடுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும், அல்லது சத்துமாவுக் கஞ்சி. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சிரோசிஸ் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு ரொம்பக் குறைவு, ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே கரைத்துச் சாப்பிடும். அவர் கன்னமும் தோளும் ஒட்டியிருப்பது அதனால்தான்.

உப்பை மட்டும் நீங்கள் குறைத்தது சரி, வயிற்றிலோ காலிலோ நீர் இருந்தால். அதற்காக முழுக்க நிறுத்தினால் சாப்பாடே இறங்காது. நாள் முழுக்க எல்லாச் சமையலுக்கும் சேர்த்து அவருக்கு ஒரு டீஸ்பூன், சுமார் ஐந்து கிராம். காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் அளந்து எடுத்து வைத்து, அதிலிருந்து மட்டும் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் வேண்டாம். 'லோ சோடியம் உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, நீரை வெளியேற்றும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையை அவர் சாப்பிட்டால் அந்த உப்பு ஆபத்து. புளியை நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

கேள்வி: கம்பெனி ரத்ததான முகாமில் ஆன்டி எச்சிவி பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள். வயது 31. வாழ்நாள் முழுக்க இப்படியேவா?
— ஓசூர்

பதில்: எச்சிவி என்பது ஹெபடைடிஸ் சி வைரஸ், ஆன்டி எச்சிவி அதை எதிர்த்து உடம்பு செய்கிற ஆன்டிபாடி. அந்த ஆன்டிபாடி ஒரு தடவை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும், வைரஸ் போன பிறகும்கூட. வைரஸ் இப்போது உள்ளே இருக்கிறதா என்று தெரிய எச்சிவி ஆர்என்ஏ பரிசோதனை எடுங்கள். இல்லை என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை, நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு முழுக்கக் குணம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்த மாத்திரை இலவசம், மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். கல்லீரல் இறுகத் தொடங்கும் முன் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால் அந்த ரத்ததானம் முதலில் உங்களுக்கே உதவியிருக்கிறது.

கேள்வி: அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி. எஸ்ஜிபிடி 110, ஏஎஃப்பி 14. அது கேன்சர் டெஸ்ட் என்று லேப்பில் சொன்னார்கள். வீட்டில் யாரும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.
— பாலக்கோடு

பதில்: சாப்பிடுங்கள். கல்லீரல் அழற்சியோடு இருக்கும்போது ஏஎஃப்பி இப்படிக் கொஞ்சம் ஏறுவது சகஜம், அழற்சி அடங்கினால் இறங்கும். பயப்பட வேண்டியது நூற்றுக்கணக்கில் இருந்தால், அல்லது ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனால். ஏஎஃப்பி நார்மலாக இருந்தும் கட்டி இருக்கலாம் என்பதால் ஸ்கேன் இல்லாமல் இதை மட்டும் பார்ப்பதும் போதாது. இப்போது அல்ட்ரா சவுண்ட், அதில் கட்டி மாதிரி ஏதாவது தெரிந்தால் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி. ஒன்றும் இல்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் ஏஎஃப்பியும் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் வராமலேயே கேன்சர் வருவதுண்டு. வீட்டில் உள்ள எல்லோரும் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இல்லாதவர்கள் தடுப்பூசி போடுங்கள். அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் முதலில்.

கேள்வி: அம்மாவுக்கு வயிற்றிலிருந்து ஆறு லிட்டர் நீர் எடுத்தார்கள். அந்த நீரின் ரிப்போர்ட்டில் அல்புமின் 0.7, செல்கள் 180, நியூட்ரோஃபில் 20 சதவீதம். ரத்த அல்புமின் 2.6. இதற்கு என்ன அர்த்தம்?
— ஊத்தங்கரை

பதில்: ரத்த அல்புமினிலிருந்து நீரின் அல்புமினைக் கழியுங்கள், 1.9. இது 1.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் போர்ட்டல் நரம்பின் அழுத்தத்தால் வந்த நீர் என்று பொருள், சிரோசிஸில் எதிர்பார்ப்பது இதுதான். காச நோயாலோ கேன்சர் வயிற்றுச் சவ்வில் பரவியதாலோ வரும் நீரில் வித்தியாசம் பொதுவாகக் குறைவாக இருக்கும். 180 செல்லில் 20 சதவீதம் என்றால் நியூட்ரோஃபில் 36. 250ஐ எட்டினால் நீரில் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம், அன்றே ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பிக்க வேண்டும். அம்மாவுக்கு இப்போது அது இல்லை. இனி காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். ஐந்து லிட்டருக்கு மேல் எடுக்கும்போது லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை அல்புமின் ஏற்றுவார்கள், பில்லில் அந்த விலையுயர்ந்த பாட்டில் இருந்தால் அது தேவையில்லாத செலவு என்று சண்டை போடாதீர்கள்.

கேள்வி: கணவருக்கு அம்மோனியா 98 என்று வந்தது, நார்மலைவிட அதிகமாம். ஆனால் நன்றாகத்தான் பேசுகிறார். பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, அவ்வளவுதான். மாதா மாதம் அம்மோனியா பார்க்க வேண்டுமா? ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய் எடுக்க வேண்டியிருக்கிறது.
— தேன்கனிக்கோட்டை

பதில்: வேண்டாம். அம்மோனியா எண்ணை நான் அதிகம் நம்புவதில்லை. ரத்தம் எடுத்த உடனே ஐஸில் வைத்துச் சீக்கிரம் பரிசோதிக்காவிட்டால் அது ட்யூபுக்குள்ளேயே ஏறும், பல சின்ன லேப்களில் அதற்கு வசதி இருக்காது. எண் அதிகமாக இருந்தும் தெளிவாக இருப்பவர்கள் உண்டு.

ஆனால் 'அவ்வளவுதான்' என்று நீங்கள் எழுதினீர்களே, பகல் தூக்கமும் ராத்திரி முழிப்பும், அதுதான் எனக்கு அந்த 98ஐவிட முக்கியம். கல்லீரல் சுத்தம் செய்யாமல் விட்ட நச்சுகள் மூளையைத் தொட ஆரம்பிக்கும்போது முதலில் புரள்வது தூக்கம்தான். வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். ஒரு நோட்டில் தினமும் காலையில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், பக்கத்திலேயே ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றையும் வரையச் சொல்லுங்கள். எழுத்து கோணலாகப் போனால், நட்சத்திரத்தின் முனைகள் சேராமல் போனால், அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். கைகளை நீட்டி விரல்களை விரித்து மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள், பறவை இறக்கை அடிப்பது போல உள்ளங்கை படக் படக்கென்று விழுந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

மலச்சிக்கல் வந்தால் இது மோசமாகும். லாக்டுலோஸ் சிரப் கொடுத்திருப்பார்கள், பேதி ஆகிறது என்று நிறுத்தியிருப்பீர்கள். தினமும் இரண்டு மூன்று தடவை இளகலாகப் போகிற அளவுக்கு அதைக் கூட்டியோ குறைத்தோ கொடுங்கள், அதற்குத்தான் அந்த மருந்து. தூக்க மாத்திரை எதுவும் டாக்டரைக் கேட்காமல் தர வேண்டாம். ரத்த வாந்தி, தார் போலக் கருப்பு மலம், எழுப்பினால் எழாத தூக்கம் மூன்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அவர் பைக்கில் தோட்டத்துக்குப் போய் வருகிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். தூக்கம் சரியாகும் வரை அந்தச் சாவியை வாங்கி உங்கள் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்.